பின்சீட்டு நடுக்கம்

காலையில் கவரை உருவியதும் அந்தோணிராஜின் கண்ணில் முதலில் பட்டது பின் ஃபுட்ரெஸ்ட்தான். பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கிற அந்த இரண்டு சின்னக் கட்டைகளும் விரிந்து நின்றன. முந்தின நாள் சாயங்காலம் அவனே வண்டியைத் துடைத்து, அவனே அவற்றை மடக்கி, அவனே கவரைப் போட்டு நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தான். முடிச்சு போட்டபடியே இருந்தது. உள்ளே கட்டைகள் மட்டும் விரிந்திருந்தன. சீட்டின் பின்பாதியில் வெள்ளையாகப் பொரிப்பொரியாக ஏதோ உலர்ந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு.

தெருப் பிள்ளைகளின் வேலை என்று முடிவு கட்டி, வாசலில் நின்றபடி தெருவுக்கே கேட்கிற மாதிரி பிள்ளைகளைப் பெற்றவர்களையும் சேர்த்துத் திட்டினான். அவனுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று கூனிமேட்டில் எல்லோருக்கும் தெரியும். இந்த வண்டி வாங்கியதிலிருந்து அது அந்த இடத்தை விட்டு இறங்கவே இல்லை.

வண்டி என்றால் சும்மா வண்டி இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில், ஆட்டோவும் கிடைக்காமல் ஆம்புலன்ஸும் வராமல், அவன் மனைவி சகாயசெல்வியின் முதல் பிள்ளை நடுரோட்டில் ஒரு பெட்டிக்கடை வாசலில் பிறந்து, அங்கேயே அழாமல் அடங்கிப் போனது. அந்தக் கடையின் தகரக் கூரையில் மழை விழுந்த சத்தம் இன்னும் அவன் காதில் இருந்தது. இப்போது செல்விக்கு மறுபடியும் மாதம் நெருங்கிவிட்டது. இந்தத் தடவை எவன் தயவும் வேண்டாம் என்றுதான் புது வண்டி எடுத்தான். அந்த வண்டிதான் நடுங்கிக்கொண்டிருந்தது.

வேகம் ஐம்பதைத் தொட்டால் நடுக்கம் தொடங்கும். எல்லா இடத்திலும் இல்லை. கூனிமேட்டைத் தாண்டி மரக்காணத்துக்கு முன்னால், சாலையை ஒட்டி உப்புப் பாத்திகள் கண்ணாடி கண்ணாடியாகக் கிடக்கும் இடத்தில்தான் ஆரம்பிக்கும். எஞ்சினிலிருந்து வந்தால் கைப்பிடியில் தெரியும், தொடையில் தெரியும். இது பின்னாலிருந்து வந்தது. சீட்டின் பின்பாதியில் கிளம்பி, அவன் முதுகெலும்பின் அடியைத் தொட்டு, மெதுவாக மேலே ஏறிப் பிடரியில் நின்றது. இன்னொன்றும் உண்டு. எந்த வண்டியும் நடுங்கினால் நடுங்கிக்கொண்டே இருக்கும். இது விட்டு விட்டு நடுங்கியது. கொஞ்ச நேரம் உதறும். நிற்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டதைப் போல ஓர் இடைவெளி. மறுபடியும் உதறும்.

புதுச்சேரியில் வண்டி வாங்கிய கடைக்கு நடையாய் நடந்தான். புது வண்டி சார், ஓட ஓட சரியாகிவிடும் என்றார்கள். அடுத்த முறை கத்தினான். ஒரு ஆளை அனுப்பி ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். அந்த ஆள் உப்பளம் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, வெண்ணெய் மாதிரிப் போகிறது என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு அவன் கன்னத்தில் ஒன்று வைக்காமல் வந்ததே பெரிய விஷயம்.

பிறகு கூனிமேட்டு நிஷாத்திடம் கொண்டு போனான். நிஷாத் துபாயில் மெக்கானிக்காக இருந்து திரும்பியவன், அவனுடைய பழைய கூட்டாளி. எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகளை எல்லாம் இறுக்கினான், செயினைத் தளர்த்தினான், டயரில் காற்றைக் குறைத்தான், கூட்டினான். தனியாக ஓட்டிப் பார்த்தான், நடுக்கம் இல்லை. அந்தோணிராஜை ஓட்டச் சொல்லிப் பின்னால் ஏறி உட்கார்ந்து வந்தான், அப்போதும் இல்லை. அந்தோணிராஜ் தனியாகப் போனால் மட்டும் நடுங்கியது. இதை எவனிடம் போய் எப்படி நிரூபிப்பது?

"ஏம்பா அந்தோணி, வண்டியில ஒண்ணுமே இல்ல. பின்னாடி ஆள் உக்காந்தா சரியா இருக்குது, தனியாப் போனா உதறுதுன்னு சொல்ற. நடுக்கம் உன் ஒடம்புலதான் இருக்குது. போய் பிபி பாரு" என்றான் நிஷாத்.

அந்தோணிராஜ் அவன் கையிலிருந்த ஸ்பானரைப் பிடுங்கி எறிந்துவிட்டு வந்தான். வழியெல்லாம் பொருமினான். கடைக்காரன் திருடன், நிஷாத் அரைகுறை, தெருப் பிள்ளைகள் தறுதலைகள், உப்பளத்துக்காரர்கள் எல்லாம் கண் வைக்கிறவர்கள். இந்தக் கடைசிக் கோபம்தான் எல்லாவற்றையும்விட ஆழத்தில் கிடந்தது. அதைக் கிளறிப் பார்க்க அவனுக்கு இஷ்டமில்லை.

அவன் உப்பளத்தில் மேஸ்திரி. பழைய வண்டியை உப்பு தின்று தீர்த்ததைக் கண்ணால் பார்த்தவன். அதனால் புது வண்டிக்கு ஒரு சட்டம் போட்டான், பாத்தித் தண்ணீர் பட்ட துணியோடு எவனும் அதில் ஏறக்கூடாது. வண்டி வந்த புதிதில் ஒரு நாள், உப்பு வாருகிற ஆதிமூலம் மத்தியான வெயிலில் குளிரில் விறைத்தவனைப் போல நடுங்கிக்கொண்டு வந்து நின்றான். இடுப்புக்குக் கீழே சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். "ஆஸ்பத்திரி வரைக்கும் வுட்டுடு மேஸ்திரி" என்று கேட்டான். கேட்டுக்கொண்டே அந்தச் சீட்டின் பின்பாதியில் கையை வைத்தான். அந்தோணிராஜ் அந்தக் கையைத் தட்டிவிட்டான். இந்தத் துணியோடு ஏறாதே, உப்பு லோடு ஏற்ற லாரி வரும், அதில் போ என்றான். லாரி வராமலா போயிற்று? வந்தது. பொழுது சாயும் நேரத்தில் வந்தது. ஆதிமூலத்தை அதில் ஏற்றித்தான் அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் இறக்கும்போது உயிர் இல்லை என்றால் அதற்கு அவனா பொறுப்பு? யாரும் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அவன் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். இங்கே ஊர் தானாகவே வாயை மூடிக்கொண்டது. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

ஒருநாள் செல்வியைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனான். அவள் பின்னால் பக்கவாட்டில் உட்கார்ந்து ஒரு கையை அவன் தோளில் வைத்துக்கொண்டாள். உப்பளம் வந்தது, போனது. வண்டி மூச்சு விடவில்லை. அவனுக்கு எரிச்சல்தான் வந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் செல்வி போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். கத்திரி வெயிலில் சுவரெல்லாம் தகித்துக்கொண்டிருந்தபோது, குளிருதுங்க என்றாள். அவன் காதில் வாங்கவில்லை. கடைக்காரன் மேல் கேஸ் போடுவதைப் பற்றி யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தான்.

செல்விதான் கடைசியில் கண்ணேறு கழிக்கலாம் என்றாள். அவள் மாதா கோவிலுக்குத் தவறாமல் போகிறவள், ஆனாலும் உப்புச் சுற்றுவதில் அந்தத் தெருவில் எந்த வீட்டுக்கும் பேதமில்லை. கை நிறையக் கல்லுப்பை எடுத்து வண்டியைச் சுற்றி, பின்சீட்டின் மேல் கொஞ்ச நேரம் கையை நிறுத்தி, காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள்.

"கடல்ல போட்டு முழுசாக் கரைஞ்சதான்னு பாத்துட்டு வாங்க. கரைஞ்சாத்தான் போவும்" என்றாள்.

கடல் சாலைக்கு அந்தப் பக்கம். மணலில் இறங்கி நடக்க வேண்டும். அன்றைக்கும் வண்டி வழக்கம்போல உதறியது, அவன் பல் வரைக்கும் உதறியது. ஆத்திரத்தில் பாத்தி ஓரமாக நிறுத்தி, தண்ணீர் எதுவானால் என்ன என்று, காகிதத்தோடு உப்பை வரப்புக்கு அந்தப் பக்கம் விசிறினான். சொத்தென்று விழுந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் கிளம்பினான்.

அதற்குப் பிறகு நடுக்கம் ஐம்பதுக்குக் காத்திருக்கவில்லை. நாற்பதில் வந்தது, முப்பதில் வந்தது. முதுகில் ஈரம் படுவது போல இருக்கும். கையை வளைத்துத் தொட்டுப் பார்த்தால் வேர்வை. வேர்வைதான் என்று சொல்லிக்கொண்டான். வெயிலில் வருகிற வேர்வை அப்படிச் சில்லென்று இருக்காது என்பதை அவன் யோசிக்கவில்லை.

பாத்தியில் ஒரு கட்டி கிளம்பியிருப்பதாக வேலைக்காரர்கள் பேசிக்கொண்டது அந்த வாரம்தான் அவன் காதுக்கு வந்தது. போய்ப் பார்த்தான். சாலையோரப் பாத்தியில், வரப்பை ஒட்டி, முழங்கால் உயரத்துக்கு உப்பு திரண்டு நின்றது. சுற்றிலும் வாரியிருந்தார்கள், அதை மட்டும் விட்டிருந்தார்கள். யாரோ குத்துக்காலிட்டு, தலைவழியாகத் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருந்தது. பக்கத்தில் உப்பு வாருகிற பலகையை ஊன்றிக்கொண்டு குப்பம்மாள் நின்றாள், ஆதிமூலத்தின் மனைவி. கருமாதி முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தாள். ஏன் இதை வாரவில்லை என்று கேட்டான்.

"பலகைய வச்சா ஒடம்பெல்லாம் உதறுது மேஸ்திரி. எனக்கு அவரு ஞாபகம் வந்துடுது" என்றாள் அவள். "லாரியில என் மடியிலதான் கெடந்தாரு. பல்லு கடகடன்னு அடிச்சிக்கும். அப்புறம் மூச்சப் புடிச்சாப்ல நிக்கும். விட்டுடுச்சுன்னு நெனப்பேன். மறுபடியும் ஆரம்பிச்சிடும்."

அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. சும்மா சொன்னாள். அந்தோணிராஜ் நின்ற இடத்திலேயே நின்றான். கொஞ்ச நேரம் உதறும், நிற்கும், மூச்சைப் பிடித்துக்கொண்டது போல ஓர் இடைவெளி. அதை அவன் முதுகு மனப்பாடமாக வைத்திருந்தது.

பிறகுதான் இன்னொன்றும் உறைத்தது. காகிதம் விழுந்த இடம் இதுதான். இந்தக் கரையில் பிறந்த சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், வெயிலில் காய்ந்து உப்பேறிய பாத்தித் தண்ணீரில் மேற்கொண்டு உப்பு கரையாது. ஒரு கல் விழுந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மற்றது வளரும். கரைத்துவிட்டு வா என்று கொடுத்ததை, உலகத்திலேயே அது கரையாத ஒரே தண்ணீரில் போட்டிருந்தான். மேஸ்திரி என்று பெயர்.

பயந்திருக்க வேண்டியவன் கோபப்பட்டான். அவனுக்குத் தெரிந்தது அதுதான். கடப்பாரையைக் கொண்டுவரச் சொல்லிக் கத்தினான். யாரும் நகரவில்லை. அவனே எடுத்து வந்து, பாத்தியில் இறங்கி, அந்தக் கட்டியின் தோள் போன்ற இடத்தில் ஓங்கிக் குத்தினான். ஒரு துணுக்குகூடப் பெயரவில்லை. கடப்பாரை அவன் கையில் நடுங்கியது. நின்றது. அவன் மூச்சைப் பிடித்தான். மறுபடியும் நடுங்கியது.

கடப்பாரையைப் போட்டுவிட்டு வண்டிக்கு ஓடினான்.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. மேற்கே தண்ணீரெல்லாம் சிவந்து, பிறகு சாம்பலாகி, உப்புக் குவியல்கள் மட்டும் தாமாக ஒளி விடுவது போல வெளுத்துத் தெரிந்தன. சேற்று வாடையும் டீசல் பம்பின் புகையும் கலந்து வந்தன. வண்டியைக் கிளப்பியதுமே உதறியது. இருபதுகூட இல்லை. பின்டயர் அமுங்கியிருந்தது, ஆள் ஏறினால் அமுங்குவது போல. கண்ணாடியில் பார்க்கக்கூடாது என்று நினைத்தான். பார்க்கவில்லை. எஞ்சினை அணைத்தான். பம்பின் சத்தம் தூரத்தில் கேட்டது. காற்று கேட்டது.

வண்டி நடுங்கிக்கொண்டே இருந்தது.

இறங்கினான். தள்ளினான். பாரம். புது வண்டி இவ்வளவு கனக்காது. சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. கைப்பிடி அவன் உள்ளங்கையில் உதறியது. நின்றது. உதறியது. பின்னால் ஃபுட்ரெஸ்ட் இரண்டும் விரியும் சத்தம் கேட்டது. முதலில் ஒன்று. பிறகு மற்றது.

"எறங்குடா" என்றான் திரும்பாமல். குரல் அவனுடையது போல இல்லை. "நான் லாரியில போன்னுதானேடா சொன்னேன். எறங்கு."

யாரும் இறங்கவில்லை. அந்தோணிராஜ் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனான். விட்டுவிட்டு ஓட மனசு வரவில்லை, அது செல்விக்காக வாங்கின வண்டி. உப்பளம் முடிந்து முதல் டீக்கடையின் விளக்கு தெரிந்த இடத்தில் நடுக்கம் அடங்கியது. வண்டி லேசானது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடலாம் போலிருந்தது. நாளைக்கே இதை எவன் தலையிலாவது கட்டிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, உருட்டுகிற வேகத்தில் ஓட்டி வீடு வந்து சேர்ந்தான்.

வாசலில் செல்வி நின்றாள். ஒரு கையால் நிலையைப் பிடித்திருந்தாள். புடவை கணுக்கால் வரை நனைந்திருந்தது. பனிக்குடம் உடைந்துவிட்டது என்றாள். எத்தனையோ தடவை போன் பண்ணினேன், நீங்கள் எடுக்கவில்லை என்றாள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கிறது, பக்கத்து வண்டி திண்டிவனம் போயிருக்கிறதாம், வர நேரமாகுமாம். ஆட்டோக்காரன் சேட்டு ஊரில் இல்லை.

"இந்த வண்டி வேணாம் செல்வி" என்றான் அவன்.

"இதுக்குன்னுதானே வாங்குனீங்க" என்றாள் அவள். அவள் முகத்தில் வலி ஒரு சுற்று வந்து போனது. அந்தப் பெட்டிக்கடையின் தகரக் கூரை அவன் காதில் சடசடத்தது. வண்டியைத் திருப்பி நிறுத்தினான். பக்கத்து வீட்டு சவரியம்மாள் தாங்கிப் பிடிக்க, செல்வி ஏறி உட்கார்ந்தாள்.

அவன் வாழ்க்கையில் அப்படி ஜெபம் பண்ணினதில்லை. கூனிமேட்டுக் கடைகளின் விளக்குகள் போயின, பள்ளிவாசலின் பச்சை விளக்கு போயிற்று, இருட்டு வந்தது. உப்பளத்தின் வாடை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். நாற்பது. ஐம்பது. வண்டி வெண்ணெய் மாதிரிப் போனது. ஒரு சின்ன அதிர்வுகூட இல்லை. ஹெட்லைட் வெளிச்சம் சாலையோரப் பாத்தியின் மேல் விழுந்தபோது பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கட்டி அங்கே இல்லை.

அது நின்ற இடத்தில் கறுப்பாக ஒரு குழி. தண்ணீர் தேங்கியிருந்தது. அங்கிருந்து வரப்பின் மேல், வரப்பிலிருந்து தார்ச்சாலை வரைக்கும், ஈரத்தடம். கால் தடம். அது போய்விட்டது, இறங்கிப் போய்விட்டது என்று அந்தோணிராஜ் நினைத்தான். அவன் தோளில் இருந்த செல்வியின் கை சில்லென்று இருந்தது. வலி எப்படி இருக்கிறது என்று கேட்டான். வலி நின்றுவிட்டது, குளிரத்தான் செய்கிறது என்றாள்.

மரக்காணம் ஆஸ்பத்திரியின் டியூப்லைட் வெளிச்சத்தில் வண்டியை நிறுத்தியதும் அவளை இறக்கி, உள்ளே கூட்டிப் போனார்கள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. வந்துவிட்டோம். இந்தத் தடவை வந்து சேர்ந்துவிட்டோம். கட்டிலில் படுக்க வைத்ததும் சிஸ்டர் அவனை வெளியே போகச் சொன்னாள். செல்வி அவன் கையை விடவில்லை. பிடித்து இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். அவள் கண்கள் அகன்றிருந்தன.

"ஏங்க, இது ஒதைக்கிற மாதிரி இல்லங்க" என்றாள்.

அவன் உள்ளங்கைக்கு அடியில் வயிறு உதறியது. நின்றது.

அவன் கையை எடுக்கப் பார்த்தான். அவள் விடவில்லை. புடவைக் கொசுவத்தின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பொரிந்திருந்தது.

மறுபடியும் உதறியது.

பயப்படாதீங்க, பிள்ளை நல்லாத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே சிஸ்டர் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கிற சின்ன மெஷினை எடுத்து, பசையைத் தடவி, வயிற்றின் மேல் வைத்தாள். கரகரவென்று இரைந்தது. பிறகு அந்தச் சின்ன ஸ்பீக்கரிலிருந்து ஒரு சத்தம் வந்தது. துடிப்பு இல்லை. துடிப்பு இரண்டு இரண்டாக வரும். இது கடகடவென்று, காய்ந்த கட்டையோடு கட்டை அடித்துக்கொள்வது போல, விடாமல் வந்தது. சிஸ்டர் முகத்தைச் சுளித்தாள். மெஷினை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"மெஷின்லதான் ஏதோ கோளாறு" என்று சொல்லிவிட்டு, பக்கத்து அறையிலிருந்து வேறொன்றைக் கொண்டு வந்தாள். மறுபடியும் பசையைத் தடவி வைத்தாள்.

அந்தோணிராஜ் அந்த ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றான். பல்லே முளைக்காத பிள்ளை. சத்தம் நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டது போல ஓர் இடைவெளி. பிறகு அறை முழுக்கக் கேட்கும்படி, பற்கள் மறுபடியும் கடகடவென்று அடித்துக்கொள்ளத் தொடங்கின.